யாரும் கத்தாத படகு

வெள்ளைக் கால்சட்டை, நீலச் சட்டை, தலையில் ஏற்றிவிட்ட வெயில் கண்ணாடி. ஓய்வு பெற்ற டாக்டர்கள், வக்கீல்கள், பள்ளி ஆசிரியைகள். கையில் காபிக் கோப்பையோடு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழையும்போதே எனக்கு எரிச்சல். மணப்பாடு என்ற மீனவக் கிராமத்தில் பிறந்தவளுக்குப் படகு என்றால் டீசல் விலை, வட்டிக் கடன், வலையில் விழாத மீன். காற்று வாங்கப் படகு வைத்திருப்பவர்களோடு எனக்கென்ன பேச்சு?

பாஸ்டனில் வேலை பார்க்கும் அக்கா மகள்தான் இழுத்து வந்தாள். அங்கே சார்லஸ் ஆற்றில் சின்னப் படகு ஓட்டிப் பழகியவள். “ஒரு நாள்தானே சித்தி, பிடிக்கலைன்னா மத்தியானமே கிளம்பிடலாம்” என்றாள்.

மாசசூசெட்ஸ் கரையில் மார்பிள்ஹெட் என்ற சிற்றூர். அங்கே 1885இல் தொடங்கிய கொரிந்தியன் யாட்ச் கிளப்பில், படகு ஓட்ட விரும்பும் பெண்களுக்காகத் தேசியப் பெண்கள் பாய்மரச் சங்கம் கூட்டம் நடத்தியது. கூட்டம் என்றதும் மேடை, பொன்னாடை, நன்றியுரை என்று நினைத்திருந்தேன். அறைக்கு அறை வகுப்பு. ஒன்றில் கயிறு முடிச்சு, இன்னொன்றில் தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கும் வித்தை. நான் போய் உட்கார்ந்தது டீசல் இஞ்சின் அறையில், பின்வரிசையில் கொஞ்சம் தூங்கலாம் என்று.

தூக்கம் வரவில்லை. கழுத்தில் முத்துமாலை போட்ட ஒரு பாட்டி பம்பைத் திறந்து, கடல்நீரை இழுக்கும் ரப்பர்ச் சக்கரத்தை இடுக்கியால் பிடுங்கி வெளியே எடுத்தார். உள்ளங்கையளவுகூட இல்லாத கறுப்புச் சக்கரம். அதில் ஒரு இதழ் ஒடிந்திருந்தது. புதியதை மாட்டப் போனவரை ஆசிரியை நிறுத்தினார். “ஒடிந்த துண்டு எங்கே?” அந்தத் துண்டைத் தேடி எடுக்காவிட்டால் அது குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஓடாது, இஞ்சின் சூடேறி நடுக்கடலில் நின்றுவிடும். முத்துமாலைக்காரம்மா குழாயைக் கழற்றி, விரலை விட்டுத் துழாவி, கறுப்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். நகமெல்லாம் எண்ணெய். மத்தியானம் கிளம்பும் எண்ணத்தை நான் விட்டது அப்போதுதான்.

சண்டை வந்தது சாப்பாட்டு மேசையில். முப்பது வயதுக்காரி ஒருத்தி, பந்தயப் படகில் ஆண்களோடு ஓடுகிறவள், சாண்ட்விச்சைக் கடித்தபடி சொன்னாள்: “பெண்களுக்கென்று தனி வகுப்பு எதற்கு? எங்களை நாங்களே நோயாளி ஆக்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறது.” எதிரில் இருந்தவர் எழுபதைத் தாண்டியவர். முப்பது வருடமாகக் கணவரோடு கடலில் திரிகிறவர். முட்கரண்டியைக் கீழே வைத்தார். “உன் படகில் நீ மாலுமி. என் படகில் நான் மனைவி.”

மேசை அமைதியானது. அவரே தொடர்ந்தார். நல்ல காற்றில், திறந்த கடலில், சுக்கான் அவர் கையில்தான் இருக்கும். கரை அணைக்கும் நேரம் வந்ததும் கணவர் எழுந்து வந்து வாங்கிக்கொள்வார். இவர் முன்னால் ஓடிக் கயிறு பிடிக்க வேண்டும். பிறகு ஆரம்பிக்கும் கத்தல். துறையில் இருக்கும் அத்தனை படகுக்காரர்களும் வேடிக்கை பார்ப்பார்கள். மேசையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அனாபொலிஸ் நகரில் சுசான் பொகெல் என்பவர் 1984இல் பெண்களுக்காகத் தொடங்கிய வுமன்ஷிப் என்ற பாய்மரப் பள்ளியின் விளம்பர வாசகமே ‘யாரும் கத்தமாட்டார்கள்’ என்பதுதானாம். காற்றையும் அலையையும் சொல்லாமல் கத்தலைச் சொல்லி ஆள் சேர்த்திருக்கிறார்கள்.

“உங்கள் நாட்டில்?” என்று முப்பது வயதுக்காரி என் பக்கம் திரும்பினாள். தாரிணி என்ற பாய்மரப் படகைப் பற்றிச் சொன்னேன். அதில் 2017 செப்டம்பரில் கோவாவில் புறப்பட்டு, அடுத்த மே மாதம் உலகைச் சுற்றி வந்து சேர்ந்த ஆறு கடற்படைப் பெண்கள். கடைசிக் கட்டத்தில் சுக்கான் கோளாறாகி மொரிஷியஸில் ஒதுங்கிய கதை. சபாஷ் சொல்வார்கள் என்று காத்திருந்தால், “சுக்கானில் என்ன கோளாறு? ஹைட்ராலிக்கா, கம்பியா?” என்று கேட்டார்கள். நம்மூர்ச் செய்திகள் அந்தப் பெண்களின் துணிச்சலைப் பக்கம் பக்கமாகப் பாடின; நான் படித்த எதிலும் அந்தச் சுக்கானில் என்ன கோளாறு என்று ஒரு வரி இல்லை. 2024 அக்டோபரில் அதே தாரிணியில் கோழிக்கோட்டு தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் இருவராகவே கிளம்பி, மறு ஆண்டு மே மாதம் சுற்றி முடித்தபோதும் இதே பாட்டுதான்.

எழுபது வயதுக்காரர் விடவில்லை. “உங்கள் கிராமத்தில்?” எங்கள் கரையில் ஏலம் கூறுவது பெண், கருவாடு போடுவது பெண், கடன்காரனுக்குப் பதில் சொல்வதும் பெண். வள்ளத்தில் ஏறுவது மட்டும் ஆண். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மூச்சடக்கி முங்குகிறார்கள். எங்கள் அத்தைமாருக்கு அதுவும் இல்லை. இதைச் சொன்னதும் அவர் அதிர்ச்சியெல்லாம் அடையவில்லை. “இந்த ஊரும் அப்படித்தான் இருந்தது” என்று ஒரு கதை சொன்னார்.

மார்பிள்ஹெட் பழைய காட் மீன் ஊர். 1808இல் ஐர்சன் என்ற கப்பித்தான், மூழ்கிக்கொண்டிருந்த ஒரு கப்பலைப் பார்த்தும் காப்பாற்றாமல் வந்துவிட்டான் என்று, ஊரார் அவன்மேல் தாரைப் பூசி, இறகை ஒட்டி, ஊர்வலம் விட்டார்கள். 1857இல் விட்டியர் என்ற கவிஞர் அதைப் பாட்டாக எழுதினார். அதில் இந்தத் தண்டனையைக் கொடுப்பவர்கள் மார்பிள்ஹெட் பெண்கள். தொண்டை கட்டக் கத்துகிறவர்கள். பாட்டு பள்ளிக்கூடம் வரை போனது. பிறகு 1880இல் ஊர் வரலாறு எழுதிய ஒருவர் உண்மையைத் தோண்டி எடுத்தார். ஊர்வலம் விட்டது ஆண்கள். கப்பித்தான் மேலும் குற்றமில்லை. உதவிக்குப் போக மறுத்த மாலுமிகள் பழியை அவன் தலையில் போட்டிருக்கிறார்கள். கவிஞரே அதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். “கப்பலில் ஏறாதவர்களுக்குக் கதையில் கிடைத்த வேலை, கரையில் நின்று கத்துவது” என்றார் எழுபது வயதுக்காரர். எங்கள் ஊர் சினிமாக்களில் கரையில் நின்று மாரடிக்கும் மீனவப் பெண்கள் வரிசையாக என் நினைவுக்கு வந்தார்கள்.

மதியம் கரை அணைக்கும் வகுப்பு. ஐந்து பெண்கள், ஒரு படகு, நல்ல கச்சான் காற்று. பின்கியர் போட்டால் உந்துகாற்றாடியின் சுழற்சி படகின் பின்பக்கமான அமரத்தை ஒரு பக்கமாகத் தள்ளும். எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்றார் பயிற்சியாளர். எழுபது வயதுக்காரர் சுக்கான் பிடித்தார். முதல் முறை காற்று முன்பக்கமான அணியத்தைத் திருப்பிவிட்டது. படகு துறையை விட்டு விலகியது. யாரும் வாய் திறக்கவில்லை. பயிற்சியாளர் இரண்டு கையையும் மிதவைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு நின்றார். கை தானாக நீண்டு சுக்கானைப் பிடுங்கிவிடக் கூடாதே என்பதற்காகவாம்.

வட்டம் அடித்துத் திரும்ப வந்தார். இந்த முறை காற்றுக்கு முகம் கொடுத்து, மெதுவாக. படகின் நடுவிலிருந்து ஒரு கயிறு. அக்கா மகள் தாவிப் போய்த் துறையின் குமிழில் அதைச் சுற்றினாள். கயிறு இறுகியதும் மெல்ல முன்கியர் போட்டு, சுக்கானைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார். படகு தானாகவே பக்கவாட்டில் நகர்ந்து துறையோடு ஒட்டிக்கொண்டது. பலமும் வேண்டியதில்லை, பாய்ச்சலும் வேண்டியதில்லை.

கிளம்பும்போது அவரிடம் கேட்டேன்: “நாளைக்கு உங்கள் வீட்டுக்காரர் கத்தினால்?”

“அவரை முன்னால் கயிறு பிடிக்க அனுப்பிவிடுவேன்” என்றார். “முப்பது வருடம் அங்கே நின்றவள் சொல்கிறேன். இஞ்சின் சத்தத்தில், அங்கிருந்து கத்துவது சுக்கான் பிடிப்பவர் காதில் விழவே விழாது.”