ஓடாமல் நடந்த நான்கு நாட்கள்



நடப்பது நமக்குப் புதிதல்ல. 1995-இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் நடந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2009-இல் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஊர் ஊராக நடந்தவர்கள் இன்னும் அதிகம். அந்த நடைகளில் அடுத்த இரவு எங்கே படுப்போம் என்று எவருக்கும் தெரியாது. இந்த மாதம் நான் எழுதுவது வேறொரு நடையைப் பற்றி. எங்கே படுப்போம் என்பதை ஒரு மாதத்துக்கு முன்னரே பேசி வைத்துவிட்டு, நாமாக விரும்பி நடந்த நடை.

எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் ஆறு பேர் சேர்ந்து, 2024 ஓகஸ்ட் மாதம் ஊவா மலைகளில் நான்கு நாட்கள் நடந்தோம். யோசனையைச் சொன்னவர் தர்மபுரம் அக்கா. ஐம்பத்தாறு வயது. பிறந்தது அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977 கலவரத்தில் தாயும் தகப்பனும் ஒன்பது வயதுப் பிள்ளையான அவரைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். அதன்பின் ஒருநாளும் அவர் அங்கே திரும்பிப் போகவில்லை. "செத்துப்போறதுக்கு முந்தி அந்த லயத்த ஒருக்கா பாக்கணும்" என்றார். பார்த்துவிட்டு உடனே திரும்பி வருவதா, கொஞ்சம் நடந்து மலையையும் பார்ப்பதா என்று கதைத்தபோதுதான் இந்தப் பயணம் உருவானது.

வெளிநாடுகளில் இப்படி நடப்பது பெரிய வழக்கம். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் ஒருநாள் நடைத் தூரத்துக்கு ஒரு குடில் இருக்கும். இரவுக்குச் சூப்பும் படுக்கையும் கிடைக்கும். காலையில் அடுத்த குடிலுக்கு நடப்பார்கள். மொன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிற்சர்லாந்து என்று மூன்று நாடுகளினூடாக சுமார் 170 கிலோமீற்றர் இப்படி நடக்கலாமாம். நம் நாட்டிலும் இப்போது 'பெக்கோ பாதை' இருக்கிறது. பெக்கோ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, அப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள்தான். மலைக்குடில்கள் அங்கே இல்லை. தோட்ட வீடுகளும் சிறிய விடுதிகளும்தான் தங்குமிடம். நாங்கள் அதில் ஒரு சிறு துண்டையும், அக்காவுக்காக வேறு சில வழிகளையும் சேர்த்து நடந்தோம்.

ஆயத்தம்

மாதம் 1500 ரூபா வீதம் பத்து மாதம் சேர்த்தோம். தங்குமிடங்களை, தோட்டப் பிள்ளைகளுடன் வேலை செய்யும் ஓர் ஆசிரியை மூலம் கேட்டு ஒழுங்கு செய்தோம். விடுதியில் ஓர் இரவு, தோட்ட வீடுகளில் மூன்று இரவுகள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் எவ்வளவு கொடுப்பது என்பதை முதலிலேயே பேசி முடித்தோம். விருந்தாளி என்று சொல்லிக் கொண்டு உழைக்கும் பெண்ணின் வீட்டில் சும்மா தின்றுவிட்டு வரக்கூடாது.

மாதத்தையும் பார்த்தே தெரிந்தோம். நம் பக்கம் சோளகம் வீசும் ஆடி ஆவணியில் ஊவாவில் மழை குறைவு. அந்தக் காய்ந்த காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசனையைக் கொடுக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை அங்கே மழை. மண்சரிவு ஆபத்தும் அதிகம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது நினைவிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலிலும் பதுளை மாவட்டம் கடுமையாக அடிபட்டது. மலைநாட்டு ரெயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே இனிப் போகிறவர்கள், எந்தப் பாதை திறந்திருக்கிறது, ரெயில் எதுவரை ஓடுகிறது என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்ட பிறகே புறப்படுங்கள்.

பை கட்டும்போதுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒருவருக்கு ஐந்து, ஆறு கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று தீர்மானித்திருந்தோம். புறப்பட முதல்நாள் பைகளைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் பத்துக் கிலோவுக்கு மேல். திறந்து பார்த்தோம். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணாமற்போனவர்களின் படங்கள், முறைப்பாட்டுப் பிரதிகள். ஒருத்தி சிறிய சட்டியும் அரிசியும் கட்டியிருந்தாள்.

"உதெல்லாம் என்னத்துக்கு? நாலு நாளில் திரும்பி வரப்போறம்" என்றேன்.

"அப்ப மட்டும் நாலு நாளில் வாறம் எண்டுதானே வெளிக்கிட்டனாங்கள்" என்றாள் அவள்.

எனக்குப் பதில் வரவில்லை. என் பையிலும் உறுதி இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, குழுத் தலைவியின் வீட்டில் வைத்தோம். அடையாள அட்டையும் அதன் பிரதியும் மட்டும் கையில். படங்களை எடுத்துச் செல்ல விரும்பியவர்களை நாங்கள் தடுக்கவில்லை. படம் பாரமில்லை.

அப்புத்தளைக்கு

இரவு பஸ்ஸில் கண்டி, அங்கிருந்து காலை ரெயில். நானுஓயாவைத் தாண்டி, நாட்டிலேயே மிக உயரமான நிலையமான பட்டிப்பொலை வரைக்கும் பனியும் தூறலும். அடுத்து ஒரு சுரங்கம். வெளியே வந்தால் ஊவா வெயில். ஒரு மலை இரண்டு காலநிலையைப் பிரித்து வைத்திருக்கிறது. அன்றிரவு அப்புத்தளை நகரில் தங்கினோம்.

முதல் நாள் தம்பேதென்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை சுமார் பத்துக் கிலோமீற்றர். 1890-இல் தோமஸ் லிப்டன் கட்டுவித்த தொழிற்சாலை அது. தார் வீதிதான். கால்களைப் பழக்க நல்லது. வழிகாட்டியாக வந்த தோட்டத்துப் பெண்பிள்ளை ஒரு குறுக்குப் பாதையைக் காட்டினாள். தேயிலைச் செடிகளுக்குள் கால் வைக்க எனக்குக் கூசியது. நம் ஊரில் சிவப்புப் பலகைகளைப் பார்த்துப் பழகிய கால் அது. பாதையை விட்டு விலகினால் உடம்பே நின்றுவிடுகிறது. நான் நிற்பதைப் பார்த்து அவள், "வாங்கக்கா, அட்டைதான் இருக்கும், வேற ஒண்ணும் இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டே இறங்கினேன். மண்ணைப் பாராமல் மலையைப் பார்த்து நடக்க எனக்கு அன்று பின்னேரம்வரை எடுத்தது.

அக்காவின் லயம்

அன்று பிற்பகல் அக்காவின் தோட்டத்துக்குப் போனோம். கோயில் மரத்தை வைத்தே அவர் வழியைக் கண்டுபிடித்தார். பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், பிள்ளைக் காம்பரா எல்லாம் கடந்து ஒரு பழைய லயத்தின் முன் நின்றார். தகரம் புதிது, சுவர் பழையது. கடைசியிலிருந்து மூன்றாவது காம்பரா. வாசலில் ஓர் இளம் பெண் உடுப்புக் காயப்போட்டுக் கொண்டிருந்தாள்.

"யாரப் பாக்கணும்?"

"சும்மா நடந்து வந்தோம் பிள்ள" என்றார் அக்கா. பிறந்த வீடு என்று சொல்லவில்லை. வாங்க, உட்காருங்க என்று அவள் எல்லோருக்கும் சாயத்தண்ணி ஊற்றினாள். அக்கா சுவரைப் பார்த்தபடியே குடித்தார். அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் காட்டியதும், "அப்பவும் அங்கதான்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்தப் பெண் கதையைக் கேட்டு எழுந்து நின்றாள். பக்கத்துக் காம்பராப் பாட்டியைக் கூட்டி வந்தாள். பாட்டிக்கு அக்காவின் தாயின் பெயர் ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகமில்லை. "அந்த நேரம் நெறைய பேரு போனாங்கம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண், தோட்டத்தில் கொடுக்கும் தேயிலைத்தூளில் ஒரு பொட்டலம் கட்டி அக்காவின் கையில் வைத்தாள். "பொறந்த வீட்டுக்கு வந்துட்டு வெறுங்கையோட போகக்கூடாது."

அக்கா வழியெல்லாம் பேசவில்லை. இரவு படுத்த பிறகு, "வீடு சின்னனா இருந்துச்சு. என் நெனப்புல பெருசா இருந்துச்சு" என்றார்.

மலையும் உழைப்பும்

இரண்டாம் நாள் விடியுமுன் புறப்பட்டு லிப்டன் சீட் முகட்டுக்கு ஏறினோம். தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் ஏற்றம். நுழைவுக் கட்டணம் உண்டு. முகிலுக்கு மேலே நின்று கீழே தெற்குச் சமவெளியைப் பார்த்தோம். வானத்தை அண்ணாந்து பார்த்து எதையும் எதிர்பார்க்காமல் அரைமணி நேரம் இருந்தோம்.

இறங்கும் வழியில் கொழுந்து எடுக்கும் பெண்களோடு கதைத்தோம். நாளுக்கு 18, 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நாங்கள் போன நேரம் நாட்சம்பளம் 2021-இல் நிர்ணயித்த 1000 ரூபா. அடுத்த மாதம் அது 1350 ஆனது. நாங்கள் ஆசைக்கு ஏறிய மலையில் அவர்கள் கூடையோடு தினமும் ஏறுகிறார்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். நம் முகாம்களுக்கு வந்தவர்கள் நம்மைப் படம் எடுத்தபோது நமக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

குளவியைப் பற்றி அவர்கள்தான் எச்சரித்தார்கள். வாசனைப் பவுடர் வேண்டாம், செடியை உலுப்ப வேண்டாம், யாராவது "குளவி" என்று கத்தினால் வந்த வழியே விலகிப் போக வேண்டும்.

அன்றிரவு பூணாகலைப் பக்கத்தில் ஒரு தோட்ட வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபோது பழைய கதை வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே பலர் இறந்தார்கள். அவர்கள் மலையகம் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, 2023 ஜூலை 28 தொடக்கம் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடி நடந்தார்கள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "எங்க பாட்டன் தெற்க நடந்தாரு, எங்கப்பா வடக்க நடந்தாரு. நான் ரெண்டு பக்கமும் நடந்துட்டேன்" என்றார். வீட்டுக்காரி சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பதுளை வரை

மூன்றாம் நாள்தான் கடினம். எல்ல வரைக்கும் நீண்ட வழி. இறக்கத்தில் முழங்கால் நோகும். குறுகிய அடி வைத்து, தடி ஊன்றி இறங்க வேண்டும். இருவர் முடியாமல் பாதி வழியில் ஓட்டோ பிடித்தார்கள். அதில் வெட்கமில்லை. எவரையும் பின்னால் விட்டுவிட்டு ஓட வேண்டிய தேவை இந்த நடையில் இல்லை. எல்லவில் விலை அதிகம் என்பதால் சற்றுத் தள்ளி ஒரு தோட்ட வீட்டில் தங்கினோம்.

நான்காம் நாள் ஒன்பது வளைவுப் பாலம். 1921-இல் உருக்குக் கம்பி இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டியது. தெமோதரையில் ரெயில் பாதை ஒரு வட்டம் சுற்றி, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது. அங்கே ரெயிலேறிப் பதுளையில் இறங்கினோம். கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர், அதோடு தண்டவாளம் முடிகிறது. 1924-இல் திறந்த நிலையம். நாங்கள் போனபோது அதற்கு நூறு வயது.

போக விரும்புகிறவர்களுக்கு

நாலு பேராவது சேர்ந்து போங்கள். ஒருநாளைக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீற்றர் போதும். ஒரு மாதம் முன்பிருந்தே பின்னேரங்களில் நடந்து பழகுங்கள். பழகிய சப்பாத்து, இரண்டு சோடி காலுறை, குடை, கம்பளிச் சட்டை, டோர்ச், உங்கள் மருந்துகள், மாதவிடாய்த் துணி, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் வேண்டும். இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள். தோட்டத்துக்குள் போகுமுன் அனுமதி கேளுங்கள். உள்ளூர்ப் பிள்ளை ஒருவரை வழிகாட்டியாக வைத்துக் கூலி கொடுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த அன்று தலைவியின் வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்தோம். எல்லாம் வைத்தபடியே இருந்தன. உறுதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுவர் நின்றது, கிணறு நின்றது, கோழிகள் நின்றன. நாலு நாளில் வருகிறேன் என்று சொல்லிப் போய், நாலு நாளில் திரும்பி வந்திருந்தேன்.

அக்கா தேயிலைப் பொட்டலத்தை அவிழ்த்து அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். நன்றாகச் சாயம் பிடித்திருந்தது. அடுத்த வருடம் பதுளையிலிருந்து எந்தப் பக்கம் நடக்கலாம் என்று அங்கேயே கதை தொடங்கிவிட்டது.