அரை மதிப்பெண் போன வழி

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் தானே தொகுத்துச் சோதிப்பது ஜென்கின்ஸ் சர்வர். பழைய பதிப்பைக் கொடுத்தாலும் தொகுக்கும். ஆனால் இன்றைய கருவியால்!

2019-இல் படிப்பை முடித்த அக்கா ஒருவரின் அகமதிப்பீட்டுச் சராசரி பட்டியலில் 19. எங்கள் கணக்கில் 19.5. அன்றைய நிரலையே சர்வரில் இயக்கினோம். அப்போதும் 19.5! பட்டியல்தான் பொய்யோ என்று ஐயுற்றோம்.

அன்றிருந்தது பைத்தான் 2. அதில் 39-ஐ 2-ஆல் வகுத்தால் 19தான். பைத்தான் 3-இலோ 19.5. முன்னதற்கு ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் நின்றதால் சர்வரில் அது இல்லை. கொத்தனாரான என் தந்தை பழைய சுவரை ஒட்டப் பழைய அளவுச் செங்கலைத் தேடி அலைவார். வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் நானும் அலைந்தேன். பழைய பைத்தானை டாக்கர் கண்டெய்னரில் வைத்து இயக்கியதும் 19 வந்தது.

அக்கா இப்போது விண்ணப்பம் எழுதுகிறார்.