ஏலகிரி கேம்ப்பில் மூன்று நாள்: "பின்னாடி சாய்ங்க, உட்காரப் போற மாதிரி!"

"எல்லாரும் போனை இந்தப் பையில போடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும்."

ஆசிரியை இப்படிச் சொன்னதும் பஸ்ஸுக்குள் எழுந்த கூச்சலுக்கு டிரைவரே திரும்பிப் பார்த்தார். அப்போது பொன்னேரியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். சென்னைப் பக்கத்துப் பொன்னேரி இல்லை. இது ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில், ஏலகிரி மலைப்பாதை தொடங்கும் இடம்.

சென்னையிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஒரு பி.டி. சார். கூடவே நான். நான் ஒன்பதாவது படித்தபோதும் இப்படி ஒரு கேம்ப் வந்தது. வீட்டில் கையெழுத்துப் போடவில்லை. இந்த முறை கிளம்பும்போதும் அம்மா, "நீ வேடிக்கை மட்டும் பாரு, ஏறிக்கீறி வைக்காத" என்றுதான் சொன்னார்.

மலைக்கு மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளலின் பெயர். பாரதியார், கம்பர், கபிலர், ஔவையார் என்று ஒரு பக்கம். பாரி, காரி, ஓரி என்று இன்னொரு பக்கம். போன் இல்லாத கையோடு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள் போர்டுகளைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். "மிஸ், கடையெழு வள்ளல்ல இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்டவன், தமிழ்ப் பரீட்சையில் அதே கேள்வியைச் சாய்ஸில் விட்டவனாம்.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். ஊட்டி குளிர் கிடையாது. சாயங்காலம் லேசாகக் காற்று, பலாமர நிழல், அவ்வளவுதான். கேம்ப்பில் கூடாரம் போடுவது, முடிச்சுப் போடுவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது என்று முதல் நாள் ஓடிவிட்டது. தட்டு கழுவத்தான் அதிக முணுமுணுப்பு.

மறுநாள் காலை பாறை. மூன்று மாடி உயரம் இருக்கும். இடுப்பில் ஹார்னஸ், தலையில் ஹெல்மெட், இறங்கும் கயிறு போக பாதுகாப்புக்கு இன்னொரு கயிறு. "பாறையைக் கட்டிப் பிடிக்காதீங்க. பின்னாடி சாய்ங்க, உட்காரப் போற மாதிரி. காலை அகட்டி வெச்சு நடந்து இறங்குங்க" என்றார் பயிற்சியாளர். கேட்க எளிது. கபடி டீம் கேப்டன் பாறையை அணைத்துக்கொண்டான். கால் வழுக்கி, கயிற்றில் தொங்கினான். பஸ்ஸில் வாயே திறக்காத ஒரு பெண், சொன்னபடி சாய்ந்து மெதுவாக நடந்து இறங்கிவிட்டாள். பயந்தவர்கள் பாறையோடு ஒட்டுகிறார்கள், ஒட்டினால் செருப்பு வழுக்குகிறது.

ஒரு பையன் விளிம்பில் பத்து நிமிடம் நின்றான். கீழே இரண்டு பேர் சிரித்தார்கள். பயிற்சியாளர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேணாம்னா வேணாம்ப்பா. திரும்பி வா, கயித்தை அவுக்குறேன்" என்றார். அவன் திரும்பி வந்தான். மதியம் முழுக்க என்னருகில் உட்கார்ந்து எட்டு முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்தான். "அக்கா, நாளைக்குக் காலைல கேட்டா விடுவாங்களா?" என்றான்.

கேம்ப்புக்கு அனுப்பும் பெற்றோர் உயரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: இரண்டாவது கயிறு உண்டா, பெண் ஆசிரியை ராத்திரி எங்கே தங்குகிறார், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். பிள்ளைக்கு வீசிங் இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஞாயிறு காலை மழை. ஈரப் பாறையில் கயிறு கட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் எதுவும் பேசவில்லை. நானும் இறங்கவில்லை, அம்மா சொன்னதால் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இறங்கும் வழியில் போன்கள் திரும்பி வந்தன. எனக்கு முன் சீட்டில் அவன் குரல்.

"இல்லம்மா, நான் இறங்கல... பயமாதான் இருந்துச்சு. அடுத்த வருஷமும் கையெழுத்துப் போடுவியா?"