பெயர் சொல்லாமல் பழி சொல்வது

ஆங்கிலத்தின் 'ஹிண்ட்', 'இம்ப்ளை', 'இன்சினுவேட்' மூன்றையும் மறைமுகமாகச் சொல்வது என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். முதலாவது, கேட்பவர் கண்டுகொள்ளட்டும் என்று கோடி காட்டுவது. இரண்டாவதில், சொன்ன சொற்களிலிருந்தே சொல்லாத பொருள் விளைகிறது. மூன்றாவதில் ஒரு பழியும் இருக்கிறது, 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று நழுவ வழியும் இருக்கிறது. நம் வழக்கில் அது சாடை பேசுவது. சட்டம் இதை நன்றாகவே கண்டுகொண்டது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, 1860இல் இந்தியாவுக்கு எழுதப்பட்ட சட்டத்தைத் தழுவியது. அதிலுள்ள எடுத்துக்காட்டில் ஒருவர் இன்னொருவரை நேர்மையானவர், வேறொருவரின் கைக்கடிகாரத்தைத் திருடவே இல்லை என்கிறார்; திருடியது அவரே என்று பிறர் நம்பவேண்டும் என்பது நோக்கம். சொல்லெல்லாம் பாராட்டு, ஆனாலும் அது அவதூறு. திருடியது யார் என்று கேட்கும்போது வாய் திறக்காமல் அவரைச் சுட்டிக்காட்டினாலும் அவதூறுதான்.

படிப்பவர் தப்பாக ஊகித்தால் எழுதியவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். ஊகிப்பது, அதாவது 'இன்ஃபர்', படிப்பவர் வேலை என்பது உண்மைதான். ஆனால் தனித்தனியே படித்த பலரும் ஒரே ஆளிடம் வந்து நின்றால், அந்த வழியைப் போட்டவர் எழுதியவரே. மறைமுகப் பேச்சு பண்பாடு அல்லவா என்பது இன்னும் வலுவான மறுப்பு. தொல்காப்பியம் உள்ளுறை என்னும் மறைபொருள் உவமைக்கு இலக்கணம் சொல்கிறது. மறைபொருளாகப் பேசும் மலாய்ப் பந்துன் கவிதையை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த மறைப்பு கேட்பவர் மனம் நோகாமல் காக்கிறது. சாடை, பேசியவரை மட்டுமே காக்கிறது. பெக்கான் நானாஸ் போன்ற சிற்றூரில் 'கோயில் பொறுப்பிலுள்ள ஒருவர்' என்று எழுதினால் போதும், யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பெயரே வராததால் அவரால் மறுத்து ஒரு வரி எழுதவும் முடியாது.