காரணம் கூறுக

நேற்று ராத்திரி பழவேற்காட்டில், எங்கள் திண்ணையில் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே ஒரு கேள்வி கொடுத்தேன். 'ஏரியின் முகத்துவாரம் அடைபடக் காரணம் கூறுக.'

பக்கத்து வீட்டுப் பையன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குறையும், படகு வெளியே போகாது, அப்பா கரையில் சும்மா உட்கார்ந்திருப்பார். எல்லாம் நிஜம். ஆனால் அத்தனையும் விளைவு, காரணம் ஒன்றுகூட இல்லை. கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து குவிப்பதும், கோடையில் ஆரணியாறு வற்றிவிட, அந்த மணலைத் தள்ள வேகம் இல்லாமல் போவதும் அவனுக்குத் தெரியாதா? வாயால் கேட்டால் கடகடவென்று சொல்கிறான்.

"அப்பா 'வலையை இழு'ன்னா நீ விடுவியாடா?"

"அடி விழும்ணா."

'இழு' என்றால் புரிகிறது; ஆனால் வீட்டில் யார் 'வேறுபடுத்துக' என்று பேசுகிறார்கள்? அதுவும் தமிழில் ஏவல் சொல் கடைசியில்தான் வரும்; அதற்குள் பிள்ளைகள் பேனாவைத் திறந்துவிடுகிறார்கள். பொதுத்தேர்வில் கேள்வித்தாள் படிக்கத் தரும் 10 நிமிடத்தில் அந்தக் கடைசிச் சொல்லை முதலில் பார்க்கச் சொன்னேன். 'விவரி'க்கும் 'விளக்குக'வுக்கும் வித்தியாசம் கேட்டால் நானே திணறுவேன். கேள்வி எடுப்பவர்களும் அப்படித்தானோ என்று ஒரு சந்தேகம்.

அவன் தங்கச்சிக்கு, '1613-ல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை: குறிப்பு வரைக' என்று கொடுத்திருந்தேன். கோட்டையையே வரைந்து வைத்திருந்தாள். உச்சியில் கொடிகூடப் பறந்தது.