தீர்ப்பிடும் விரல்கள்

படைப்பவன் எவனும் ஒருநாள் தன் படைப்பைப் பிறர் கையில் ஒப்படைத்தே ஆகவேண்டும். அதுவரை அது அவனுடைய கனவு. அதன்பின் அது பலருடைய பேச்சு. நம் மரபில் நூல் இயற்றிய புலவன் அதனை அவையில் அரங்கேற்றினான். காப்பியத்தின் முகப்பிலேயே அவையடக்கம் பாடினான். கற்றோர் குற்றம் காண்பரே என்னும் அச்சமும், கண்டாலும் பொறுத்தருள்வர் என்னும் நம்பிக்கையும் கலந்த பகுதி அது. இன்று அவைகள் மாறிவிட்டன, அடக்கமும் அருகிவிட்டது. ஆயினும் படைப்பவனின் நெஞ்சிலுள்ள அந்த அச்சமும் நம்பிக்கையும் மாறவில்லை. இதனை நமக்கு அண்மையில் உணர்த்தியவர்கள் கணினி விளையாட்டுகளை உருவாக்கும் இளைஞர்கள்.

பங்குக் குருவுக்கும் கணினி விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் புன்னகைக்கக்கூடும். நாம் விளையாடுவதில்லை, ஐம்பதைக் கடந்த விரல்கள் அதற்கு இசைவதுமில்லை. ஆனால் நம் பங்கின் இளையோரில் பலருடைய மாலைப் பொழுதுகள் அவ்வுலகில்தான் கழிகின்றன. தன் ஆடுகள் மேயும் நிலத்தை மேய்ப்பன் அறிந்திருக்க வேண்டாமா? அறிய முற்பட்டபோது, விளையாட்டைக் காட்டிலும் அதனைப் படைப்போரின் பாடுகளே நம் கவனத்தை ஈர்த்தன.

பெரும் நிறுவனங்களின் முதலீடு ஏதுமின்றி, ஒருவரோ நாலைந்து பேரோ தம் சொந்த உழைப்பில் விளையாட்டுகளை உருவாக்குகின்றனர். இவர்களைத் தனிப்படைப்பாளர்கள் எனலாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன் என்பவர், 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு வாழ்க்கை விளையாட்டை நாலரை ஆண்டுகள் தனியொருவராக உருவாக்கினார். படம் வரைந்தவரும், இசை அமைத்தவரும், உரையாடல் எழுதியவரும் அவரே. 2016 பிப்ரவரியில் அது வெளிவந்தது. இத்தகைய படைப்புகளுக்குப் பெரிய சந்தை 'ஸ்டீம்' என்னும் இணைய அங்காடி. அங்கே 2013 நவம்பர் முதல், விளையாடியவர்கள் தம் கருத்தை எழுதலாம். கட்டைவிரல் மேல்நோக்கினால் பரிந்துரை, கீழ்நோக்கினால் நிராகரிப்பு. எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் அருகிலேயே பதிவாகியிருக்கும். பத்துக் கருத்துகளேனும் சேர்ந்தபின் அனைத்தையும் கூட்டி ஒரு தீர்ப்பு வெளியாகும். ஆதரவு நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இறங்கினால் 'கலவையானது' என்ற முத்திரை விழும். அம்முத்திரையைக் கண்டவுடன் வாங்க வந்தவர் பலர் திரும்பிவிடுவர்.

பெரும் நிறுவனத்துக்கு ஒரு கடுஞ்சொல் வெறும் கணக்கு. தனியொருவனுக்கோ அது நாலைந்து ஆண்டு இரவுகளின் மீது விழும் அடி. தான் வேறு, தன் படைப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க அவனால் இயலுவதில்லை. கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஃபில் ஃபிஷ், ஐந்து ஆண்டு உழைப்பில் உருவான 'ஃபெஸ்' என்னும் விளையாட்டை 2012இல் வெளியிட்டுப் பாராட்டுப் பெற்றார். அதன் இரண்டாம் பாகத்தையும் அறிவித்தார். 2013 ஜூலையில் விமர்சகர் ஒருவரோடு மூண்ட கடும் சொற்போருக்குப் பின், அப்பாகத்தையே கைவிடுவதாகச் சொல்லி விலகினார். வியட்நாமின் ஹனோய் நகரத்து இளைஞர் டோங் நுயென் உருவாக்கிய 'ஃப்ளாப்பி பேர்ட்' 2014இன் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது. விளம்பரங்களால் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவாய் வந்ததாகச் செய்திகள் வெளியாயின. புகழோடு வசையும் வந்து குவிந்தது. இனித் தாங்க இயலாது என்று அறிவித்து, அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அதனை விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கிவிட்டார். இவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் ஒருவனைச் சூழ்ந்து நின்று கத்தினால் அவன் காதைப் பொத்திக்கொள்வது இயல்பே.

வேறு வழியில் நடந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில், ஷான் மர்ரே என்பவர் தலைமையில் 'ஹலோ கேம்ஸ்' என்னும் சிறு குழு இயங்குகிறது. 18க்குப் பின் 18 சுழியங்கள் இட்டாலன்றி எண்ண முடியாத அளவுக்குக் கோள்கள் நிறைந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் விளையாட்டை இவர்கள் அறிவித்தபோது உலகமே வியந்தது. வெளியீடு 2016 ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனதற்காகவே மர்ரேக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆகஸ்டில் விளையாட்டு வந்தது. வாக்களித்தவற்றுள் பல அதில் இல்லை. ஒரே கோளில் ஒரே இடத்தில் இருவர் நின்றும் ஒருவரையொருவர் காண இயலவில்லை. ஏமாந்தவர்களின் சினம் எரிமலையாயிற்று. 'ஏமாற்று விளம்பரம்' என்ற புகாரைப் பிரித்தானிய விளம்பரத் தர ஆணையம் விசாரித்து, விதிமீறல் இல்லை என்று அவ்வாண்டு நவம்பரில் முடிவு கூறியது. ஆனால் மக்கள் மன்றத்தின் சினம் அதனால் தணிந்துவிடவில்லை.

அக்குழுவினர் என்ன செய்தார்கள்? சாக்குச் சொல்லவில்லை, திட்டியவர்களைத் திட்டவில்லை. சில மாதங்கள் ஏறத்தாழ வாய் திறவாமல் வேலை செய்தார்கள். நவம்பர் இறுதியில் முதல் பெரிய திருத்தம் இலவசமாக வந்தது. 2017இல் மற்றொன்று. 2018 ஜூலையில், பலரும் ஒன்றுகூடி விளையாடும் வசதி முழுமையாக வந்தது. ஆண்டுதோறும் திருத்தங்கள் தொடர்ந்தன. அவற்றுக்கென ஒரு காசும் கேட்கவில்லை. தொடக்கத்தில் எதிர்ப்பில் மூழ்கிக் கிடந்த ஒட்டுமொத்தத் தீர்ப்பு, எட்டு ஆண்டுகள் கடந்து 2024இல் 'மிகவும் சாதகமானது' என்னும் நிலையை எட்டியது.

இதனை வாசித்தபோது புனித அகுஸ்தினாரின் நினைவு நமக்கு வந்தது. எழுபதைக் கடந்த அம்முதியவர், கி.பி. 426-427 ஆம் ஆண்டுகளில், தாம் எழுதிய 93 நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, திருத்த வேண்டியதைத் திருத்தியும் விளக்க வேண்டியதை விளக்கியும் 'மறுஆய்வுகள்' என்னும் நூலை எழுதினார். மேற்றிசைத் திருச்சபையே ஆசானாகப் போற்றிய ஒருவர், பிறர் கைக்குப் போய்விட்ட தம் எழுத்தையும் இன்னும் தம் பொறுப்பாகவே கருதினார். மனந்திரும்புதல் என்று நாம் சொல்வதன் உழைப்பு முகம் இதுதான் போலும். வருந்துவது ஒருநாளில் முடிந்துவிடும். சரிசெய்வதற்கு ஆண்டுகள் வேண்டும்.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகளாகவே நமக்கு இருந்திருக்கும், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் ஒருநாள் குருமனைக்கு வந்திராவிட்டால். "சாமி, பையன் நாலு நாளாச் சரியாச் சாப்பிடலை. ரெண்டு வருசமா நண்பர்களோட ராத்திரி ராத்திரியா உக்காந்து செஞ்ச விளையாட்டை யாரோ நாலு பேரு குப்பைன்னு எழுதிட்டாங்களாம். எல்லாத்தையும் அழிச்சிடப் போறேங்கிறான்" என்றார். மறுநாள் மாலை அவரே வந்தார். பொறியியல் படித்த, நம் பாடகர் குழுவில் பாடும் அமைதியான இளைஞர். "ஃபாதர், அவங்க விளையாட்டைச் சொல்லலை, என்னைத்தான் சொல்றாங்க" என்று கூறிவிட்டுத் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

ஆறுதல் மொழிகள் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால் அந்நேரம் அவை எடுபடா என்று தோன்றியது. வந்திருந்த பதினொரு கருத்துகளையும் உரக்க வாசிக்கச் சொன்னோம். ஏழு பாராட்டுகளை வேகமாகக் கடந்துவிட்டு, நான்கு கண்டனங்களை மட்டும் மனப்பாடமாக ஒப்பித்தார்! மனித மனத்தின் விந்தை இது. பூவைத் தரையில் விட்டுவிட்டு முள்ளைப் பையில் எடுத்துக்கொண்டு போகிறது. பின்னர் அந்நான்கையும் தனித்தனியே பார்த்தோம். ஒன்று ஆறு நிமிடம் மட்டுமே விளையாடியவர் எழுதிய வசை. மற்றொன்று, இவ்வகை விளையாட்டே தமக்குப் பிடிக்காது என்றவருடையது. எஞ்சிய இரண்டும் பல மணி நேரம் விளையாடியவர்கள் எழுதியவை. சொற்கள் கடுமையானவை, ஆனால் இரண்டும் ஒன்றையே சொல்லின. மூன்றாம் கட்டத்தில் இருள் மிகுதி. வெளியேறும் வாயில் தெரியவில்லை.

"அந்த இருட்டுதான் ஃபாதர் அதோட அழகே" என்றார் இளைஞர்.

"இருக்கலாம் தம்பி. ஆனால் இரண்டு பேர் அங்கே வழிதெரியாமல் நின்றிருக்கிறார்களே" என்றோம்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். இத்துறையில் ஓர் அனுபவ மொழி உண்டு என்று பிறகு அவரே சொன்னார். 'எங்கே வலிக்கிறது என்பதில் விளையாடுபவர் பெரும்பாலும் தவறுவதில்லை. என்ன மருந்து என்பதில்தான் தவறுகிறார்' என்பது அதன் கருத்து. ஒப்புரவு அருள்சாதனத்தில் அமர்ந்து பழகிய நமக்கு அதன் உண்மை உடனே விளங்கிற்று. வலியை நோயாளிதான் சொல்ல வேண்டும். மருந்தை மருத்துவர்தான் தேட வேண்டும். இளைஞர் விளையாட்டை அழிக்கவில்லை. இருளை அப்படியே விட்டு, வாயிலருகே ஓர் அகல்விளக்கை மட்டும் ஏற்றிவைத்தார். கண்டித்து எழுதிய இருவரும் அதனைக் காணத் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. நலமடைந்த பத்துத் தொழுநோயாளருள் ஒருவனேனும் திரும்பி வந்தான். இங்கே அந்த ஒருவனும் இல்லை. ஆயினும் புதிதாக வருவோர்க்கு இன்று வழி தெரிகிறது.

விமர்சனம் அனைத்தையும் ஏற்க வேண்டுமா என்னும் வினாவுக்குத் திருவிவிலியம் தாவீதின் வாழ்வில் விடை வைத்திருக்கிறது. இறைவாக்கினர் நாத்தான் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி அவர் குற்றத்தைச் சுட்டியபோது, அரசர் அங்கேயே பணிந்தார். பின்னாளில், மகனுக்கு அஞ்சி எருசலேமை விட்டு வெளியேறிய வேளையில், சிமயி என்பவன் கல்லெறிந்து பழித்துக்கொண்டே வந்தான். அவன் தலையைக் கொய்துவர அபிசாய் இசைவு கேட்டான், தாவீது தடுத்தார். சிமயியோடு வாதிடவுமில்லை, நிற்கவுமில்லை. கல்லும் புழுதியும் மேலே விழ, தம் வழியே நடந்தார். நாத்தானின் சொல்லை நெஞ்சில் ஏற்றவர், சிமயியின் கல்லைத் தோளோடு விட்டார். இவ்விரண்டையும் பிரித்தறியும் வரத்தையே தேர்ந்து தெளிதல் என்று ஆன்மீக ஆசிரியர்கள் அழைக்கின்றனர்.

சிமயியின் கற்கள் இன்றும் பறக்கின்றன. 2017 செப்டம்பரில், புகழ்பெற்ற காணொளியாளர் ஒருவர் நேரலையில் இனவெறிச் சொல் ஒன்றை உதிர்த்தார். அதனைக் கண்டித்து, தம் விளையாட்டை அவர் காட்டும் காணொளியை நீக்குமாறு கோரினர் 'ஃபயர்வாட்ச்' என்னும் விளையாட்டைப் படைத்தோர். உடனே அவ்விளையாட்டின் மீது எதிர்மறைத் தீர்ப்புகள் வந்து குவிந்தன. விளையாட்டின் தரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. ஸ்டீம் அங்காடி அதே மாதம், தீர்ப்புகள் எந்நாளில் குவிந்தன என்பதைக் காட்டும் வரைபடத்தைச் சேர்த்தது. 2019 மார்ச்சில், பொருளுக்குத் தொடர்பற்ற கூட்டத் தாக்குதல்களை மதிப்பெண்ணில் சேர்க்காதிருக்கவும் வழிசெய்தது. பெரும்பான்மையினர் உரக்கச் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது என்பதை, பிலாத்துவின் முற்றத்தில் எழுந்த கூக்குரலை அறிந்த நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மறுபுறம், கண்டனத்தைத் தாமே முன்வந்து அழைப்போரும் உண்டு. 'ஹேடீஸ்' என்னும் விளையாட்டைப் படைத்த சூப்பர்ஜயண்ட் குழுவினர், 2018 டிசம்பரிலேயே அதனை முற்றுப்பெறாத நிலையில் மக்கள்முன் வைத்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர்கள் குறைகளைக் கேட்டுக் கேட்டுச் செதுக்கி, 2020 செப்டம்பரில் நிறைவு செய்தனர். குருமடத்தில் நாம் பயின்ற புனித தாமஸ் அக்குவினாஸின் முறையும் இதுவே. 'இறையியல் தொகுப்பு' நூலில் ஒவ்வொரு சிக்கலிலும் தமக்கு எதிரான வாதங்களையே அவர் முதலில் நிறுத்துகிறார். பின்னரே தம் விடை. இறுதியில் ஒவ்வொரு மறுப்புக்கும் பதில். எதிர்ப்பவனை வாயிலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து அமர்த்தும் துணிவு, உண்மையின்மேல் அவர் கொண்ட பற்றிலிருந்து பிறந்தது.

அன்பு வாசகர்களே, இதுவரை படைப்போரைப் பற்றியே பேசினோம். ஆனால் நம்முள் பெரும்பாலோர் மற்றப் பக்கத்தில், தீர்ப்பிடும் இடத்தில் இருப்பவர்கள். உண்ட உணவகத்துக்கும், ஏறிய வாடகை வண்டிக்கும், வாங்கிய செருப்புக்கும் இன்று நம் விரல் நட்சத்திரங்கள் இடுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தைக் கடப்பதற்குள் மறையுரைக்கும் பாடகர் குழுவுக்கும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது! அவற்றை நாம் வரவேற்கிறோம். இடித்துரைக்கும் துணை இல்லாத அரசன் பகைவரின்றியும் கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. பங்குக் குருவுக்கும் அது பொருந்தும். நாம் வேண்டுவது ஒன்றே. சகோதரன் தவறினால் முதலில் தனிமையில் சொல்லுமாறு ஆண்டவர் கற்பித்தார். பிறர் கூற்றைக் கண்டிக்க முந்துவதைவிட, அதற்கு நல்ல பொருள் காண முந்தவேண்டும் என்றும், விளங்காவிடில் அவரையே கேட்கவேண்டும் என்றும் புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சி நூலின் தொடக்கத்தில் அறிவுறுத்தினார். ஆறு நிமிடம் பார்த்துவிட்டு ஆண்டுகளின் உழைப்பைக் குப்பை என்று எழுதும் விரல், இவ்விரு படிகளையும் தாண்டிக் குதித்துவிடுகிறது.

குறை சொல்ல வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பொய்ப் புகழ்ச்சியால் திருந்தியவர் எவருமில்லை. எங்கே இருள், எங்கே வழி தெரியவில்லை என்று சொல்லுங்கள். சொல்லும் முன், அதைச் செய்தவருக்கும் உணவு இறங்காத ஓர் இரவு உண்டு என்பதையும், அவர் நலம் கேட்டுக் கவலையோடு காத்திருக்கும் தாய் ஒருவர் உண்டு என்பதையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் திருமுழுக்குத் தொட்டியருகே குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகையில், அச்சின்னஞ்சிறு விரல்கள் எதையோ பற்ற நீள்வதைக் காண்கிறோம். அவ்விரல்கள் வளர்ந்து நாளை பிறரைப் பற்றி எழுதப்போகின்றன. என்ன எழுத வேண்டும் என்பதை அவை இன்று நம் விரல்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன.