மணி 3.10

ஆகஸ்ட் 3, சனி
3.10க்கு விழிப்பு. அப்புறம் தூக்கமில்லை. ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறைக்கு அத்தை கூப்பிட்டார்கள். தலைவலி என்றேன். தலை வலிக்கவில்லை. காவிரி இரு கரை தொட்டு ஓடுகிறதாம். எழுந்து புடவை மாற்றவே மலைப்பாக இருந்தது. புளியோதரை இரண்டு வாய். தொண்டையில் நின்றது.

ஆகஸ்ட் 5, திங்கள்
3.10. எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள். ஒரே தாளை மூன்று தடவை திருத்தியிருக்கிறேன். தப்பான விடைக்கு டிக். அந்தப் பையனே கொண்டுவந்து காட்டினான். "இது தப்பு டீச்சர், மார்க்கைக் குறைச்சுக்குங்க." பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இதற்கு எதற்கு அழுகை?

ஆகஸ்ட் 6, செவ்வாய்
ஐந்து மணி வரை தூக்கம்! ரசம் மணக்க மணக்க வைத்தேன். எனக்கு ஒன்றுமில்லை. வெயில், வேலை, அவ்வளவுதான். நேற்றைய பக்கத்தைக் கிழித்துவிடலாமா.

ஆகஸ்ட் 8, வியாழன்
3.10. நெஞ்சில் கல். எழுந்தால் வயிற்றுக்கு இறங்குகிறது. இவரிடம் சொன்னேன். "ரொம்ப யோசிக்காத, சரியாயிடும்." யோசிக்கவே முடியவில்லை என்றுதான் சொல்ல வந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
3.10. அம்மா போனில். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். குணசீலம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வா என்கிறாள். சின்ன வயதில் அங்கே பார்த்தது ஞாபகம் வந்தது. மனம் சரியில்லையென்று கூட்டிவரப்பட்டவர்களை வரிசையாக உட்காரவைத்து முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். கை சில்லிட்டது. அவ்வளவு முற்றிவிட்டதா? கோபம். கூடவே ஒரு நிம்மதி, ஒருத்திக்காவது தெரிகிறதே.

ஆகஸ்ட் 13, செவ்வாய்
3.10. தலை வாரி மூன்று நாளாகிறது. கொண்டை போட்டுச் சமாளிக்கிறேன். சயின்ஸ் டீச்சர் போனில் ஒன்பது கேள்வி காட்டினாள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று. எல்லாவற்றுக்கும் 'சில நாட்கள்', தலா ஒரு மார்க். ஒன்பதாவதுக்கு மட்டும் 'இல்லை'. மொத்தம் 8. பத்து வந்தால்தான் டாக்டராம். தப்பித்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்
3.10. கொடியேற்றம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டே இருந்தேன், சிரித்துக்கொண்டே. நாளைக்கு விழிக்காமலே போனால் தேவலை என்று தோன்றியது. பயமில்லாமல் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அதுதான் பயமாக இருந்தது.

இரவு. இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். 3.10, 3.10, 3.10. என் கையெழுத்துதான். அந்தக் கேள்விகளுக்கு உண்மையைப் போட்டேன். ஒன்பதாவதுக்கும். 19.

மொட்டைமாடிக்குப் போய் மனநல உதவி எண் 14416 அடித்தேன். ஒரு பெண். தமிழில்தான் பேசினாள். "எத்தனை நாளா இப்படி இருக்குங்கம்மா?" நோட்டு கையிலேயே இருந்தது. தேதி தேதியாக வாசித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. "இப்ப பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். கீழே போய் இவரை எழுப்பினேன். இந்தத் தடவை முழுதாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி
வரலட்சுமி நோன்பு. அத்தை கலசத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பை மாட்டினேன். பெரியாஸ்பத்திரி, மனநலப் பிரிவு. இவர் ஓ.பி. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன், கைக்குழந்தையோடு ஒரு பெண். நான் பயந்த மாதிரி யாருமே இல்லை.

தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை. மாத்திரை. பலன் தெரிய இரண்டு, நாலு வாரம் ஆகுமாம், நடுவில் நிறுத்தக் கூடாதாம். வாரம் ஒருநாள் கவுன்சிலிங்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
3.10. குமட்டல். வாய் உலர்கிறது. ஒன்றும் மாறவில்லை. எதற்குப் போனேன்?

ஆகஸ்ட் 23, வெள்ளி
3.10 இல்லை. 4.25. கவுன்சிலிங்கில் அந்தத் தப்பு டிக்கைப் பற்றிச் சொன்னேன். மறுபடி அழுகை. தண்ணீரைத் திறந்துவிடாமல் அழுதேன்.

காவிரியில் இன்னும் தண்ணீர் போகிறதா என்று அத்தையிடம் கேட்டேன். போகிறதாம்.